மகன் மீட்புக் குழுவில் சேரட்டுமா?

வணக்கம் அம்மா.

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகன், மலையிலும் காட்டிலும் காணாமல் போனவர்களைத் தேடும் தன்னார்வக் குழுவில் சேரப் போவதாக எழுதியிருந்தீர்கள். யானை, பாம்பு, வழுக்குப் பாறை என்று நீங்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் அவற்றுக்குப் பயிற்சி உண்டு, கயிறும் தலைக்கவசமும் உண்டு. நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மீட்பு என்றதும் ஒருவரை உயிரோடு தூக்கி வரும் காட்சிதான் பிள்ளைகளுக்குத் தோன்றும். வயநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் நிலம் சரிந்தது. உயிரோடு ஆட்களை எடுக்க முடிந்தது முதல் சில நாட்கள்தான். அப்புறம் நடந்ததெல்லாம் உடல் தேடும் வேலை. சாலியாறு இழுத்துப்போன உடல்கள் காட்டைத் தாண்டி மலப்புறம் மாவட்டத்து நிலம்பூர் வரை ஒதுங்கின. பல இடங்களில் கிடைத்தவை உடல் பாகங்கள் மட்டுமே. அடையாளம் தெரியாதவர்களைப் புத்துமலையில் எண் போட்டுப் புதைத்தார்கள். யார் என்பதை டி.என்.ஏ. பரிசோதனைதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆர்வத்தில் தாங்களாகவே தேடப்போன இளைஞர்கள் சிலர் சூச்சிப்பாறை அருவிப் பக்கம் சிக்கிக்கொள்ள, அவர்களை மீட்கத் தனியாக ஆள் போனது. ஆள் சேர்க்கும் போஸ்டர் எதிலும் இதெல்லாம் இருக்காது.

தேனி மாவட்டக் குரங்கணியில் நடந்தது வேறு மாதிரி. 2018 மார்ச் 11-இல் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியபோது உதவிக்கு முதலில் மலையேறியவர்கள் உள்ளூர்க்காரர்கள். உயிரோடு கீழே வந்து சேர்ந்தவர்களிலும் பலர் அடுத்த நாட்களிலும் வாரங்களிலும் ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். காப்பாற்றிவிட்டோம் என்று வீட்டுக்கு வந்தவருக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்?

அடிவாரத்தில் காத்திருக்கும் குடும்பத்தையும் மறந்துவிடாதீர்கள். குழு இறங்கும் ஒவ்வொரு முறையும் ‘கிடைச்சாங்களா?’ என்று ஓடி வருவார்கள். ஒருநாள் தேடலை நிறுத்த வேண்டிவரும். அதையும் அவர்களிடம் யாராவது சொல்லியாக வேண்டும். இருபது வயதுப் பையனிடம் அந்தப் பொறுப்பைத் தள்ளிவிடும் குழு எனக்கு வேண்டாத குழு.

சேரும் முன் தம்பி குழுத் தலைவரிடம் நேராகவே கேட்கட்டும்: உடல் எடுக்கும் வேலைக்கு வர மாட்டேன் என்றால் ஒப்புக்கொள்வீர்களா? வேலை முடிந்ததும் உட்கார்ந்து பேச ஏற்பாடு உண்டா? காப்பீடு உண்டா? ‘அதெல்லாம் பழகிடும்’ என்று பதில் வந்தால் வேறு குழு பார்ப்பது நல்லது. ஒரு தேடலுக்குப் பிறகு தூக்கம் கெடுவது, திடீரென அந்த வாடை நினைவுக்கு வருவது, எரிந்து விழுவது, இவை சில நாட்களுக்கு வரக்கூடியவைதான். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால், அல்லது அதற்கு முன்பே படிப்பும் சாப்பாடும் பாதித்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

வேலை வாய்ப்பு என்று பார்த்தால், தன்னார்வத் தொண்டு நேராக எந்த அரசு வேலையிலும் கொண்டுபோய் விடாது. தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கு மத்திய ஆயுதக் காவல் படைகளிலிருந்துதான் ஆட்களை அனுப்புகிறார்கள். அரக்கோணத்தில் இருக்கும் நான்காவது பட்டாலியனுக்கும் அதே வழிதான். தமிழ்நாடு தீயணைப்பு, மீட்புப் பணிக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுத வேண்டும். மலையேற்றத்தில் முறையாகத் தேற உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. ஆனால் 2022 அக்டோபர் 4-இல் திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோரை இழந்தது அந்த நிறுவனத்தின் பயிற்சிக் குழுதான் என்பதையும் தெரிந்துகொண்டு விண்ணப்பிக்கட்டும்.

தொடங்குவதற்கு ‘ஆப்த மித்ரா’ பயிற்சி போதும். 18 வயது முடிந்த தன்னார்வலர்களுக்கான அரசின் பேரிடர் உதவிப் பயிற்சி அது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் பயிற்சி இப்போது நடக்கிறதா, அடுத்த அணி எப்போது என்று விசாரியுங்கள். தடுக்காதீர்கள் அம்மா, தடுத்தால் உங்களிடம் சொல்லாமல் போவார், அப்புறம் திரும்பி வந்தும் எதையும் சொல்ல மாட்டார். முதல் ஆண்டு அடிவார முகாமிலேயே இருக்கட்டும்: வரைபடம், வாக்கி டாக்கி, யார் எப்போது ஏறினார், எப்போது இறங்கினார் என்ற பதிவேடு. செமஸ்டர் தேர்வு மாதங்களில் கூப்பிடக் கூடாது என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.