ஒரு மாதத்துக்கு எதற்கு?

அன்புள்ள சார்,

அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். துறை, தொடக்ககால அமெரிக்க வரலாறு. மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில் இருக்கும் அமெரிக்கன் ஆண்டிகுவேரியன் சொசைட்டி என்ற ஆய்வு நூலகத்தின் ஒரு மாத ஃபெலோஷிப்புக்கு (ஆய்வு உதவித்தொகைக்கு) விண்ணப்பிக்க நினைக்கிறேன். எல்லாம்தான் ஸ்கேன் ஆகி இணையத்தில் இருக்கிறதே, ஒரு மாதத்துக்கு எதற்கு அலைச்சல் என்கிறார்கள் நண்பர்கள். எந்தத் தலைப்புக்குப் பணம் கிடைக்கும் என்றும் புரியவில்லை. ஊரில் அப்பா, தமிழ்ப் பையனுக்கு அந்த வரலாற்றில் என்ன வேலை என்கிறார்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தலைப்பைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பணம் இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் கேள்வியைத் தேடுவது ஆராய்ச்சி இல்லை.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். பாஸ்டன் பாதிரியார் காட்டன் மாதர் 1717இல் தரங்கம்பாடிக்கு, அங்கிருந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவுக்கு, ஒரு கடிதம் எழுதினார். அது வந்து சேர்வதற்குள், 1719 பிப்ரவரியில், சீகன்பால்கு இறந்துவிட்டார். உடன் பணியாற்றிய க்ரூண்ட்லர்தான் பதில் எழுதினார். காட்டன் மாதர் அந்தக் கடிதங்களை 1721இல் பாஸ்டனில் அச்சிட்டார். அவருடைய குடும்ப நூலகத்தில் மிஞ்சியவற்றின் பெரும்பங்கு நீங்கள் போகத் தயங்கும் அதே வூஸ்டரில்தான் இருக்கிறது.

உங்கள் நண்பர்கள்மேல்தான் எனக்குக் கோபம். மார்த்தா பல்லார்ட் என்று ஒரு மருத்துவச்சி. இன்றைய மெய்ன் மாநிலத்தில், கென்னபெக் ஆற்றங்கரையில், ஹாலோவெல் என்ற ஊர். 1785 முதல் 1812 வரை நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதினார். மழையா பனியா, எந்த வீட்டில் பிரசவம், தறியில் என்ன துணி, அவ்வளவுதான். கூலி கைக்கு வந்துவிட்டால் ஓரத்தில் இரண்டு பெருக்கல் குறி. மொத்தம் 816 பிரசவங்கள். புரட்டிப் பார்த்த சில அறிஞர்கள் அற்பமான குறிப்புகள் என்று மூடி வைத்தார்கள். வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் உல்ரிச் உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார், எண்ணினார், பிற ஆவணங்களோடு ஒத்துப் பார்த்தார். கடன், கைமாற்று, பெண்களே நடத்திய ஒரு முழுப் பொருளாதாரம் அதிலிருந்து எழுந்து வந்தது. அதை எழுதிய நூலுக்கு 1991இல் அவருக்குப் புலிட்சர் பரிசு.

இன்று அந்த நாட்குறிப்பும் இணையத்தில் இருக்கிறது. சரி, உங்கள் நண்பர்களில் எத்தனை பேர் படித்தார்கள்? அதற்கு நாள் வேண்டும். வேறு வேலை இல்லாத, வாடகைக் கவலை இல்லாத நாள். ஃபெலோஷிப் பணம் அந்த நாளைத்தான் வாங்கித் தருகிறது.

எனக்கு இருபத்தாறு வயதில் அது கிடைக்கவில்லை. ஒரு ஆவணக் காப்பகத்துக்குப் பத்து நாள் லாட்ஜ் வாடகையோடு போனேன். கட்டு பைண்டிங்குக்குப் போயிருக்கிறது, நாளைக்கு வாங்க என்றார்கள். தினமும் அதே பதில். ஒன்பதாம் நாள் மாலை நாலு மணிக்குக் கட்டு மேஜைக்கு வந்தது. நாடாவை அவிழ்த்ததும் தூசியில் தும்மல். உள்ளே ஒரு கிராமத்துக் கணக்குப்பிள்ளையின் கையெழுத்து, எறும்பு ஊர்வதுபோல. மணி அடிப்பதற்குள் பதினேழு பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டேன். மறுநாள் ஞாயிறு, ராத்திரி ரயில். மீதி அறுநூறு பக்கத்தில் என்ன இருந்தது என்று இப்போதும் சில இரவுகளில் நினைத்துக்கொள்கிறேன். ஒரு மாதம் சாப்பாடும் அறையும் யாராவது கொடுத்திருந்தால் நான் எழுதிய முதல் நாவலே வேறாக இருந்திருக்கும்.

நீங்களோ கொடுக்க ஆள் இருந்தும் யோசிக்கிறீர்கள். அந்த ஆட்களும் குறைந்து வருகிறார்கள். 2025 ஏப்ரலில் வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளுக்குப் பணம் கொடுக்கும் அமெரிக்க அரசின் அமைப்பு (NEH), ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஏராளமான மானியங்களையே ரத்து செய்தது.

இந்த வாரமே விண்ணப்பத்தை எழுதுங்கள், தம்பி. கிடைத்துப் போனால், முதல் நாளே காட்டன் மாதர் வீட்டுப் புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அன்று ராத்திரி அதைப் பற்றி அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கையால்.