வாங்கும் முன்: ஒயர் கிளட்சா, ஹைட்ராலிக் கிளட்சா?

கேள்வி: என்னுடையது 125 சிசி வண்டி. தினமும் காட்பாடி போய்வருகிறேன். கிரீன் சர்க்கிள் நெரிசலைத் தாண்டுவதற்குள் கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது கை மரத்துப்போகிறது. இணையத்தில் ஹைட்ராலிக் கிளட்ச் செட் விற்கிறார்கள். வாங்கிப் போடலாமா?
(வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: வேண்டாம். வாங்கிப் போட்டுக் கெட்டவன் சொல்கிறேன். லீவர் பஞ்சு போல ஆனது உண்மை. ஆனால் சிக்னலில் நியூட்ரல் விழவே இல்லை. ஹைட்ராலிக்கில் ஒயருக்குப் பதில் திரவம்: கைப்பிடியருகே உள்ள பிஸ்டன் திரவத்தைத் தள்ள, அது எஞ்சின் பக்கத்துப் பிஸ்டனை நகர்த்துகிறது. எஞ்சின் பக்கத்துப் பிஸ்டன் பெரிதாக இருந்தால் கைக்கு இலேசு, நகரும் தூரமோ குறைவு. தூரம் போதாவிட்டால் கிளட்ச் ப்ளேட்டுகள் முழுதாகப் பிரியாது, நியூட்ரலும் விழாது. வண்டியைச் செய்தவரே அளவெடுத்துப் பொருத்தியிருந்தால் இந்தத் தொல்லை வராது. 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று விற்கும் செட்டுக்கு யார் அளவெடுத்தார்கள்? போதாக்குறைக்கு, மூடியோரம் கசிந்த அந்தத் திரவம், அதாவது பிரேக் ஆயில், என் டேங்க் பெயிண்டை உரித்துவிட்டது. செட் பரணில் கிடக்கிறது. பெயிண்ட் செலவை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஹைட்ராலிக்கின் உண்மையான லாபம், ப்ளேட் தேயத் தேய அதுவே ஈடுசெய்துகொள்வது. ஒயர் கிளட்சில் அதை நாம் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை. உங்கள் வலிக்குக் காரணம் பெரும்பாலும் காய்ந்துபோன ஒயர், அல்லது ஹேண்டில் அடியில் மடங்கி ஓடும் ஒயர். புது ஒயர் போட்டு, லீவர் ஆணிக்குக் கிரீஸ் வையுங்கள். லீவர் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் ப்ளே, அதாவது ஒயர் இறுகும் முன் லீவர் சும்மா ஆடும் தூரம், இருக்கட்டும். வண்டிக் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

கேள்வி: ஹைட்ராலிக் கிளட்ச் போட்டால் மைலேஜ் கூடுமாமே?
(வாசகர், ஆம்பூர்)

பதில்: கூடாது. இரண்டு பொருளிலும்.

கேள்வி: காருக்கு ஊற்றி மீந்த ஆயிலை பைக்கில் ஊற்றினேன். ஏலகிரி ஏறும்போது எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. ஆயில் விற்ற கடை மீது புகார் தரலாமா?
(வாசகர், வாணியம்பாடி)

பதில்: ஊற்றியது கடைக்காரரா? பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் கலவை உண்டு. அதில் ப்ளேட் வழுக்கும். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' (இப்படி நனைந்து ஓடும் கிளட்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். படிக்காமல் ஊற்றுகிறவருக்கு எந்த நுகர்வோர் ஆணையமும் உதவாது.

கேள்வி: சர்வீஸ் நிலையத்தில் கிளட்ச் ப்ளேட் மாற்றியதாகப் பணம் வாங்கினார்கள். பத்தே நாளில் மீண்டும் வழுக்கல். எங்கள் தெரு மெக்கானிக் பிரித்துப் பார்த்தால் அதே பழைய, கருகிய ப்ளேட்டுகள். பில் இருக்கிறது. 'நீங்கள் ஓட்டத் தெரியாமல் ஓட்டுகிறீர்கள்' என்று சிரிக்கிறார்கள்.
(வாசகி, குடியாத்தம்)

பதில்: சிரித்தவர்கள் பதில் சொல்லட்டும், அம்மா. உங்கள் மேல் எந்தப் பிழையும் இல்லை. அந்த ப்ளேட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். படம் எடுத்து, மெக்கானிக்கிடம் பார்த்ததை எழுதி வாங்குங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு நிலையத்துக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இனி யார் பாகம் மாற்றினாலும் கழற்றியதைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழைய வண்டி வாங்கினேன், ஹைட்ராலிக் கிளட்ச். திரவம் குறைந்திருக்கிறது. அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா?
(வாசகர், ஆற்காடு)

பதில்: மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். டாட் 4 (ஒருவகை பிரேக் ஆயில்) என்றால் டாட் 4, மினரல் ஆயில் என்றால் மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல் கெடும். குறைந்த திரவம் எங்கே போனது என்றும் பாருங்கள். தேங்காய் எண்ணெயைத் தலைக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள்.