தறிக்குடோன் கேமரா சர்வருக்கு ராம்டிஸ்க் போடலாமா?

சோமனூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு வீட்டு சர்வரா வெச்சிருக்கேனுங்க. ராம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 240 ஜிபி. தறிக்குடோனுக்குள்ள ரெண்டு, வாசல்ல ஒண்ணு, சந்துல ஒண்ணுன்னு நாலு கேமரா, ஃப்ரிகேட்டுங்கிற கேமரா ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல பதிவாகுது. எழுதி எழுதியே எஸ்எஸ்டி தேஞ்சு போயிரும், ராம்டிஸ்க் போடுன்னு சொல்றாங்க. எதையெல்லாம் ராமுக்கு மாத்தலாமுங்க?"

மாற்றலாம். ராம்டிஸ்க் என்றால் ராமின் ஒரு பகுதியை டிஸ்க் போலப் பயன்படுத்துவது; மெஷின் அணைந்தால் அதில் இருப்பதும் போய்விடும். ஆனால் தேய்மானம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் எஸ்எஸ்டிக்கு 80 டிபி வரை எழுதலாம் என்று கம்பெனி சொல்லியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் நாளுக்கு 21.6 ஜிபி. நான்குக்கும் சேர்த்து 86 ஜிபி சொச்சம். அத்தனையும் எஸ்எஸ்டியில் விழுந்தால் 80 டிபி இரண்டரை வருடத்தில் தீர்ந்துவிடும். மெஷின் தன் நடப்பைக் குறித்து வைக்கும் லாக் ஃபைல்களோ, ஏதாவது கோளாறாகிக் கத்திக்கொண்டிருந்தால் ஒழிய, நாளுக்குச் சில நூறு எம்பியைத் தாண்டுவது அபூர்வம். எல்லோரும் முதலில் ராமுக்கு மாற்றச் சொல்வது அந்த லாக்கைத்தான்! மெமரி கார்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் என்றால் அதில் நியாயம் உண்டு. உங்களுக்கு வேண்டாம். மெஷின் படுத்துவிட்டால் ஏன் படுத்தது என்று சொல்வது லாக்தான். அது ராமில் இருந்தால் மெஷினோடு அதுவும் போய்விடும்.

என் கணக்கை நம்ப வேண்டாம், உங்கள் மெஷினையே கேளுங்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளையில் இதுவரை எழுதிய மொத்த அளவு தெரியும். இன்றைக்கு ஒரு முறை, அடுத்த வாரம் அதே கிழமையில் ஒரு முறை குறித்துக் கழித்துப் பாருங்கள். சில டிரைவ்கள் அதை 512 பைட் கணக்கில் காட்டும், சில ஜிபியிலேயே காட்டும், அதைக் கவனியுங்கள்.

ராம்டிஸ்க் உங்களுக்கு உண்மையாக உதவும் இடம் ஃப்ரிகேட்டின் கேஷ். கேமராவிலிருந்து வருவதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக முதலில் அங்கேதான் வைக்கும். அசைவு உள்ள துண்டுகளை மட்டும் வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தால், மற்றவற்றை அங்கேயே அழித்துவிடும். கேஷ் எஸ்எஸ்டியில் இருந்தால் வேண்டாத துண்டும் ஒருமுறை எழுதப்பட்டுவிடும், வேண்டிய துண்டு இரண்டு முறை. ஃப்ரிகேட்டை ஓட்டும் டாக்கரின் அமைப்பில் கேஷ் ஃபோல்டரை டிஎம்பிஎஃப்எஸ் (tmpfs, லினக்ஸில் ராம்டிஸ்க் போடும் வழி) ஆக்கி 1 ஜிபி வரம்பு வையுங்கள். நான்கு கேமராவுக்கும் சேர்த்து நொடிக்கு 1 எம்பிதான் வருகிறது, தாராளமாகப் போதும்.

வரம்பு என்றால் அவ்வளவு ராமையும் முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம். ஃபைல் இருக்கிற அளவுக்குத்தான் இடம் எடுக்கும். ஆனால் வரம்பு எதுவும் சொல்லாவிட்டால் பாதி ராம் வரை போகலாம். அப்படி நிரம்பி ராம் பற்றாமல் போனால், லினக்ஸ் அதை ஸ்வாப்புக்கு, அதாவது ராம் பற்றாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடத்துக்கு, தள்ளும். ஸ்வாப் இருப்பது எங்கே? எந்த எஸ்எஸ்டியைக் காப்பாற்றப் போனோமோ, அதிலேயே.

தற்காலிக ஃபைல்களுக்கான டிஎம்பி ஃபோல்டரையும் ராமுக்கு மாற்றலாம். 2025-இல் வந்த டெபியன் 13 லினக்ஸ் என்றால் அது ஏற்கெனவே ராமில்தான் இருக்கும்.

டேட்டாபேஸை மட்டும் மாற்றாதீர்கள். எங்கள் தோட்டத்துச் சாளையில் ஹோம் அசிஸ்டென்ட் என்ற வீட்டு ஆட்டோமேஷன் சாஃப்ட்வேர் வைத்து, போர் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பதிவு செய்துகொண்டிருந்தேன். கெட்டிக்காரத்தனமாக அந்த டேட்டாபேஸை ராம்டிஸ்க்கில் வைத்தேன். ராத்திரிதோறும் எஸ்எஸ்டிக்கு ஒரு நகல் போகிறது என்ற நினைப்பு வேறு. ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது, யுபிஎஸ் 20 நிமிடம் தாக்குப் பிடித்தது. திரும்ப வந்து பார்த்தால் இரண்டு மாதக் கணக்கும் காணோம். குறித்த நேரத்தில் நகலெடுக்கச் சொல்லும் கிரான் வரியில் ஃபோல்டர் பெயரைத் தப்பாக அடித்திருக்கிறேன். இப்போது டேட்டாபேஸ் எஸ்எஸ்டியிலேயே இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன். அதுவே போதுமாக இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். தறி ஓடும்போது குடோனுக்குள் இருக்கும் கேமராவுக்கு எப்போதும் அசைவுதான். நாடா போய் வந்துகொண்டேயிருக்கும், ஒரு துண்டும் அழியாது. தறி வரும் பகுதியை மோஷன் மாஸ்க்கால் (இந்த இடத்து அசைவைக் கண்டுகொள்ளாதே என்று ஃப்ரிகேட்டுக்குச் சொல்லும் அமைப்பு) மறைத்து, நடைபாதையை மட்டும் திறந்து விடுங்கள். முழு நேரப் பதிவுதான் வேண்டும் என்றால் ராம்டிஸ்க்கால் ஆகாது; சிசிடிவிக்கென்று விற்கும் ஹார்ட் டிஸ்க் 2 டிபி வாங்கிப் பதிவை அங்கே திருப்பிவிடுங்கள். 20 நாளுக்கு மேல் நிற்கும், எஸ்எஸ்டியில் சிஸ்டம் மட்டும் இருக்கும்.

அந்த ஹார்ட் டிஸ்க்கைக் குடோன் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். தறி அதிர்வு அதற்கு ஆகாது. வீட்டுப் பக்கம் வையுங்கள். அங்கேயும் பஞ்சு வரத்தான் செய்யும். மாதம் ஒரு முறை மெஷினை அணைத்து ப்ளோயரால் ஊதுங்கள், ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.