கடமானுக்கு எந்தக் குண்டு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் எழுதியவை. எல்லாரும் மானைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: ஐயா, என் மகன் மெல்பர்னில் வேலை செய்கிறான். முறைப்படி உரிமம் எடுத்து .308 ரைபிள் வாங்கியிருக்கிறான். நண்பர்களோடு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மலைக்காட்டுக்குக் கடமான் வேட்டைக்குப் போகிறானாம். கடையில் 130, 150, 165, 180 என்று விதவிதமாகப் பெட்டிகள். எதை வாங்குவது என்று என்னைக் கேட்கிறான். எனக்குத் தோட்டத்துத் துப்பாக்கியைத் தவிர வேறு தெரியாது.
– ஓய்வுபெற்ற மண்டோர், சுங்கை சிப்புட்

பதில்: அந்த எண்கள் குண்டின் எடை. தோட்டா என்பது பித்தளைக் குப்பி, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. குண்டு என்பது குழாயை விட்டுப் பறந்துபோகும் பகுதி மட்டும். அதை கிரெய்ன் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு ராத்தலுக்கு 7,000 கிரெய்ன். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் 130 கிரெய்ன் ஒரு பவுன் நகையைவிடச் சற்றுக் கூடுதல் (8.4 கிராம்), 180 கிரெய்ன் ஏறக்குறைய ஒன்றரைப் பவுன் (11.7 கிராம்).

விக்டோரியாவில் கடமானுக்கென்று சட்டமே ஓர் அளவு வைத்திருக்கிறது. துப்பாக்கி .270 காலிபருக்குக் குறையக்கூடாது (காலிபர் என்பது குழாயின் உள்விட்டம், அங்குலக் கணக்கில்). குண்டு 130 கிரெய்னுக்குக் குறையக்கூடாது. சிறிய மானான ஃபாலோவுக்கு .243 காலிபரும் 80 கிரெய்னும் போதும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உடல்தான். நன்கு வளர்ந்த ஆண் கடமான் 200 கிலோவைத் தாண்டும். தோள் எலும்பு தடிமன், தோல் தடிமன், மலைச்சேற்றில் புரண்டு வந்தால் அதன்மேல் சேறும் ஓர் உறையாகக் காய்ந்திருக்கும்.

ஆகவே மகனிடம் 165 அல்லது 180 கிரெய்ன் வாங்கச் சொல்லுங்கள். ஆனால் எடையைப் பார்த்துவிட்டு நின்றுவிட வேண்டாம். அந்தக் குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பார்ப்பது இன்னும் முக்கியம். சாதாரண வேட்டைக் குண்டில் ஈயத்தின்மேல் மெல்லிய செம்பு உறை இருக்கும். முனையில் ஈயம் வெளியே தெரியும். மானின்மேல் பட்டதும் முனை காளான்போல் விரியும். நடுத்தர மானுக்கு இது போதும், விலையும் குறைவு. அடர்ந்த காட்டில் ஐம்பது அறுபது மீட்டரில் கடமான் எதிர்ப்படும்போது கதை வேறு. குண்டு வேகம் குறையாமல் போய் மோதும். மெல்லிய உறை தோள் எலும்பிலேயே சிதறிவிடும். நுரையீரலுக்குப் போய்ச் சேராது. விலங்கு மூன்று காலில் ஓடி, எங்கோ ஒரு புதரில் நாள் கணக்கில் சாகும்.

இது ஒருவருக்குப் பட்டறிவாகக் கிடைத்த பாடம். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் ஒரு மூஸ் மானைச் சுட்டார். குண்டுகள் சேறு காய்ந்த தோளில் பட்டு உடைந்து, உள்ளே இறங்கவில்லை. ஊர் திரும்பியவர் குண்டின் நடுவே செம்பினால் ஒரு குறுக்குச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். நோஸ்லர் பார்ட்டிஷன் என்ற பெயரில் அது இன்றும் விற்பனையாகிறது. ஈயத்தையும் உறையையும் உருக்கி ஒட்டவைத்த குண்டுகளும் உண்டு. அவையும் எளிதில் பிரியாது. உங்கள் மகன் இந்த இரண்டு வகைகளில் ஒன்றை வாங்கட்டும். ஒரு வேட்டைக்கு இரண்டு மூன்று தோட்டாக்களே செலவாகும். அதில் காசு மிச்சம் பிடிப்பது விலங்குக்குச் செய்யும் துரோகம்.

கேள்வி: ராணுவத்தில் பயன்படுத்தும் முழு உறைக் குண்டு விலை குறைவு, நன்றாகத் துளைக்கும் என்கிறார்களே. மானுக்கு ஏன் கூடாது?
– கல்லூரி மாணவர், கோல கங்சார்

பதில்: துளைக்கும், தம்பி. அதுதான் குறை. ஈயத்தை முழுவதும் மூடிய குண்டு விரியாது. ஊசி போட்டதுபோல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். மான் வெகுதூரம் ஓடும்; இரத்தத் தடமும் சரியாக விழாது.

கல்கத்தா விமான நிலையத்தைப் பழைய ஆட்கள் டம்டம் என்பார்கள். அந்த டம்டமில் வெள்ளைக்காரர்களின் ஆயுதச் சாலை ஒன்று இருந்தது. 1890களில் .303 குண்டின் முனையில் உறையைக் குறைத்து, ஈயம் வெளியே தெரியும்படி அங்கே செய்தார்கள். பட்ட இடத்தில் அது விரிந்து பெருங்காயம் உண்டாக்கியது. 1899இல் ஹேக் மாநாட்டில், விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக்கூடாது என்று பல நாடுகள் ஒப்புக்கொண்டன. அதனால்தான் ராணுவக் குண்டு முழு உறையோடு வருகிறது. மான் வேட்டையில் நியாயம் நேர்மாறானது. காயப்படுத்தி விட்டுவிடுவதே அங்கே கொடுமை. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், ரைபிளால் மானைச் சுடுபவர் விரியும் குண்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. அமெரிக்காவிலும் பல மாநிலங்கள் முழு உறைக் குண்டை வேட்டைக்குத் தடை செய்திருக்கின்றன.

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டத்தில் பன்றிக்காக உரிமத்தோடு பன்னிரண்டு போர் (12-bore) ரவைத் துப்பாக்கி இருக்கிறது. பெரிய ஈய ரவைகள் அடைத்த எஸ்.ஜி. தோட்டாவால் மானையும் சுடலாமா?
– பெயர் வேண்டாம், பேராக்

பதில்: சுடக்கூடாது. இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. மலாய்க்காரர்கள் ரூசா என்று சொல்லும் கடமானையும், கீஜாங் என்று சொல்லும் கேளையாட்டையும் வேட்டையாடுவது நம் மலேசியாவில் 2009இல் நிறுத்தப்பட்டது. பன்றிக்கான அனுமதி பன்றிக்கு மட்டும்தான். விக்டோரியாவில் இதே கடமான் 1860களில் வெளியிலிருந்து கொண்டுபோய் விடப்பட்டுப் பெருகியது, அங்கே சுடுகிறார்கள். இங்கே அது காட்டின் சொந்தப் பிள்ளை, அருகிக்கொண்டிருக்கிறது. புலிக்கு உணவும் அதுதான். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், தீபகற்பத்தில் 150க்கும் குறைவான புலிகளே இருப்பதாகத் தெரியவந்தது. நம் பிள்ளைகள் வனத்துறைப் புத்தகத்தில் மட்டும் ரூசாவைப் பார்க்கும் நிலை வரக்கூடாது.

எஸ்.ஜி. பற்றியும் ஒன்று சொல்கிறேன். ஓர் அவுன்சுக்கு எட்டு ரவை என்பதே அதன் அளவு. ஒரு ரவை மூன்றரை கிராம்தான். உருண்டையாக இருப்பதால் வேகம் சீக்கிரம் குறையும், தூரம் கூடக்கூட ரவைகள் பரவும். முப்பது மீட்டரைத் தாண்டி நான் பன்றியைக்கூடச் சுடுவதில்லை. இளம் வயதில் ஒருமுறை அவசரப்பட்டுத் தூரத்தில் சுட்டேன். அடிபட்ட பன்றியைத் தேடி விடியும்வரை வாய்க்கால் ஓரமாக நடந்தோம். மறுநாள் மாலை, நாய்கள் கண்டுபிடித்தபோதும் அது உயிரோடு இருந்தது. அந்த மூச்சுச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கேள்வி: நியூசிலாந்திலிருந்து மருமகன் வரும்போதெல்லாம், அங்கே தான் சுட்ட மானின் கறியைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார். பேரப்பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்களாம். ஈயம் கறியில் கலக்காதா?
– இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

பதில்: கலக்கும், அம்மா. நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகவும் சிதறுகிறது. காயத்தைவிட்டு வெகுதூரம் தள்ளியும் அவை போய்ப் படியும். 2008இல் அமெரிக்காவின் வட டகோட்டாவில், ஏழைகளுக்கு நன்கொடையாக வந்த மான்கறியை ஸ்கேன் செய்து பார்த்தபோது ஈயத் துகள்கள் தெரிந்தன. அந்தக் கறியை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். வளரும் குழந்தையின் மூளைக்கு ஈயம் கேடு, கர்ப்பிணிக்கும் அப்படியே.

மருமகனிடம் முழுச் செம்புக் குண்டுக்கு மாறச் சொல்லுங்கள். அது பூப்போல் இதழ் விரியும்; பெரும்பாலும் எடை குறையாமல் முழுதாகவே நிற்கும். செம்பு ஈயத்தைவிட இலேசானது. அதனால் ஈயத்தில் 165 பயன்படுத்தியவர் செம்பில் 150 எடுத்தாலும் போதுமான ஆழம் போகும். ஆனால் வேகம் குறைந்தால் செம்பு சரியாக விரியாது; மிகத் தூரத்தில் சுட வேண்டாம். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டு தடை. இறந்த விலங்குகளைத் தின்ற காண்டோர் கழுகுகள் ஈய நஞ்சால் மடிந்ததும் அதற்கு ஒரு காரணம். ஏற்கெனவே ஈயத்தில் சுட்ட கறி என்றால், காயத்தைச் சுற்றி ஒரு சாணுக்குமேல் தாராளமாக வெட்டி எறியட்டும். குழந்தைகளுக்கு அந்தக் கறி வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தலையில் சுட்டால் கறி வீணாகாது, உடனே விழும் என்கிறார் நண்பர். சரியா?
– லாரி ஓட்டுநர், ஈப்போ

பதில்: மூளை சிறியது, தலை ஓயாமல் அசையும். நான்கு விரல் தவறினால் தாடை உடையும். தாடை உடைந்த மான் மேயவும் முடியாமல் நீர் குடிக்கவும் முடியாமல் சாகும். பக்கவாட்டில் நிற்கும்போது, முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ்ப்பாதியில் குறி வைக்கச் சொல்லுங்கள். இதயமும் நுரையீரலும் அங்கேதான். அந்த இலக்கு பெரியது. சற்றுத் தவறினாலும் விலங்கு விரைவில் விழும். விலா எலும்பில் வீணாகும் கறி கொஞ்சம்தான்.

கேள்வி: ஒரே துப்பாக்கியில் இரண்டு வகைப் பெட்டிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாமா?
– கூலிம் வாசகர்

பதில்: வேண்டாம். எடையோ தயாரிப்போ மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். எந்தப் பெட்டியோடு காட்டுக்குப் போகிறாரோ, அதே பெட்டியால் முதலில் பயிற்சிக் களத்தில் தாளில் சுட்டு, தொலைநோக்கியைச் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: அண்ணன் மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும்போது ஞாபகத்துக்கு ஒரு .308 தோட்டா கொண்டுவருகிறேன் என்கிறான். மேசைமேல் வைக்க ஆசை.
– சிறுகடை உரிமையாளர், சுங்கை சிப்புட்

பதில்: இன்றைக்கே அவனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், கொண்டுவர வேண்டாம் என்று. நம் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ஒரேயொரு தோட்டா கையில் இருந்தாலும் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை போகலாம். ஞாபகத்துக்கு என்று சொன்னால் விமான நிலையத்தில் விட்டுவிட மாட்டார்கள். சுட்ட பிறகு மிஞ்சும் வெறும் குப்பியும் வேண்டாம். அந்த மலைக்காட்டில் அவன் நிற்கும் நல்ல படம் ஒன்றைக் கேட்டு வாங்கி மேசைமேல் வையுங்கள்.