தாளூரில் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன் இரண்டாவது மை?

(தேர்தல் பிரிவில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூடலூரிலும் பந்தலூரிலும் பல தேர்தல்களை நடத்திக் கொடுத்தவன். ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்பது பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.)

ஐயா, என் கடை தாளூரில். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளா. 2024-ல் நாங்கள் ஒரு தடவை ஓட்டுப் போட்டோம். அந்தப் பக்கத்துக் கடைக்காரர் ஏழு மாதத்துக்குள் இரண்டு தடவை போட்டார். ராகுல் காந்தி அங்கே வயநாட்டிலும் உத்தரப்பிரதேசத்து ரேபரேலியிலும் என இரண்டு தொகுதியில் நின்றதால்தான் என்கிறார்கள். சட்டத்தில் இதற்கு இடம் உண்டா?
வாசகர், எருமாடு

உண்டு. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 33(7) பிரிவு, ஒரு பொதுத்தேர்தலில் ஒருவர் இரண்டு தொகுதிகள் வரை நிற்கலாம் என்கிறது. இந்த 'இரண்டு' என்ற கட்டுப்பாடே 1996-ல் வந்ததுதான். அதற்கு முன் எத்தனை தொகுதியில் வேண்டுமானாலும் நின்றார்கள். 1957-ல் வாஜ்பாய் லக்னோ, மதுரா, பல்ராம்பூர் என மூன்றில் நின்று பல்ராம்பூரில் மட்டும் ஜெயித்தார். 1985-ல் என்.டி. ராமாராவ் மூன்று சட்டமன்றத் தொகுதிகளில் நின்று மூன்றிலும் ஜெயித்தார். நம் பக்கத்தில் 1991-ல் ஜெயலலிதா பர்கூர், காங்கேயம் இரண்டிலும் ஜெயித்து பர்கூரை வைத்துக்கொண்டார். காங்கேயத்துக்காரர்கள் மறுபடியும் வரிசையில் நின்றார்கள். 2014-ல் நரேந்திர மோடி வாரணாசியை வைத்துக்கொண்டு வதோதராவை விட்டார். எந்தக் கட்சியும் இதற்கு விலக்கில்லை என்பதற்காகத்தான் இத்தனை பெயரையும் சொல்கிறேன்.

இரண்டிலும் ஜெயித்தவர் 14 நாளுக்குள் ஒன்றை ராஜினாமா செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் இரண்டும் போய்விடும். 2024-ல் முடிவு வந்தது ஜூன் 4. இரண்டிலும் ஜெயித்த ராகுல் காந்தி வயநாட்டை விடுவதாக அறிவிப்பு வந்தது ஜூன் 17, கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது. காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்பது 151ஏ பிரிவு. அதன்படி நவம்பர் 13-ல் வாக்குப்பதிவு நடந்து, 23-ல் பிரியங்கா காந்தி நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். ஏப்ரலில் 70 சதவீதத்தைத் தாண்டிய வாக்குப்பதிவு நவம்பரில் 65-ஐ ஒட்டி நின்றுவிட்டது.

சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் அந்த ஐந்து மாதத்தை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. ஜூலை 30 விடிகாலையில் முண்டக்கை, சூரல்மலையில் மண் சரிந்தது. 200 பேருக்கு மேல் செத்தார்கள். சேரம்பாடியிலிருந்து சோலாடி தாண்டிப் போனால் மேப்பாடி. அங்கிருந்து சூரல்மலை எட்டிவிடும் தூரம். பந்தலூர் பக்கத்துக்காரர்களுக்கு அங்கே கொள்வினை கொடுப்பினை உண்டு. என் தங்கை வீட்டுச் சம்பந்திகள் மேப்பாடி எஸ்டேட் லைனில் இருக்கிறார்கள். அன்று காலை ஏழு மணியிலிருந்து போன் போட்டு, மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் லைன் கிடைத்தது. அவர்கள் பிழைத்துக் கிடந்தார்கள். நாடாளுமன்றம் கூடியிருந்த நேரம் அது; வயநாட்டுக்கு எம்.பி. இல்லை.

ராகுல் காந்தி வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆகஸ்ட் 1-ஆம் தேதியே வந்தார், மக்களவையிலும் பேசினார். ஆனால் வந்தது எதிர்க்கட்சித் தலைவராக, ரேபரேலி எம்.பி.யாக. எம்.பி. இருந்திருந்தால் மலை நின்றிருக்குமா என்றால், அதுவும் இல்லை. வீடு போனவன் மனுவை எடுத்துக்கொண்டு 'எங்க எம்.பி. ஆபீஸ்' என்று போக ஒரு வாசல் வேண்டும். வருஷம் 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதிக்கு வேலை பரிந்துரைக்க, அந்தத் தொகுதிக்கென்று ஒருவர் வேண்டும். மண்ணுக்குள் ஆள் தேடிய நாட்களில் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது.

நாலு தொகுதியில் மனு போடலாம் என்று எங்கள் ஊர்க் கட்சிக்காரர் அடித்துச் சொல்கிறார். நீங்கள் இரண்டு என்கிறீர்கள். எது சரி?
வாசகி, கோத்தகிரி

இரண்டு வேறு விஷயத்தை அவர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார். நாலு என்பது மனுவின் எண்ணிக்கை. ஒரே தொகுதிக்கு ஒருவர் நாலு வேட்புமனு வரை கொடுக்கலாம். டெபாசிட் ஒரு தடவை கட்டினால் போதும்.

எதற்கு நாலு என்பதைக் கூடலூரில் கண்ணாரப் பார்த்தேன். ஒரு சுயேச்சை. சுயேச்சைக்கு அந்தத் தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிய வேண்டும். பத்துப் பேர் கையெழுத்தோடு கடைசி நாள் இரண்டே முக்காலுக்கு மூச்சிரைக்க வந்தார். மூன்று மணிக்கு வாங்குவது நின்றுவிடும். மறுநாள் பரிசீலனையில் பட்டியலைப் புரட்டினால், பத்தாவது ஆளின் பெயர் குன்னூர்ப் பட்டியலுக்கு மாறியிருந்தது. மனு தள்ளுபடி. அவர் முகம் வெளுத்துவிட்டது. அடியில் வேறு பத்துப் பேரை வைத்து எழுதிய இரண்டாவது மனு இருந்தது. அதை எடுத்து வரி வரியாகச் சரிபார்த்து, எல்லாம் சரி என்று சொன்னபோது, அந்த மனிதர் என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனு நாலு என்பது இதற்காக.

தொகுதி இரண்டுதான். வேட்புமனு படிவத்திலேயே, இரண்டுக்கு மேல் நிற்கவில்லை என்று வேட்பாளர் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடும் வரி இருக்கிறது. 2001-ல் ஜெயலலிதா ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என நாலு தொகுதியில் மனு கொடுத்தார். நாலும் தள்ளுபடியாயின. வழக்கில் பெற்ற தண்டனை ஒரு காரணம், இரண்டுக்கு மேல் என்பது இன்னொரு காரணம்.

எம்.எல்.ஏ.வாக இருப்பவர் எம்.பி. தேர்தலில் நிற்கலாமா? ஜெயித்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?
கல்லூரி மாணவர், குன்னூர்

நிற்கலாம், வைத்துக்கொள்ள முடியாது. அரசியலமைப்பின் 101(2) பிரிவு அதைத் தடுக்கிறது. அரசிதழில் பெயர் வந்து 14 நாளுக்குள் சட்டமன்றப் பதவியை விடாவிட்டால், போவது எம்.பி. பதவி. பலரும் இதைத் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள். நாங்குநேரி எம்.எல்.ஏ.வாக இருந்த எச். வசந்தகுமார் 2019-ல் கன்னியாகுமரி எம்.பி. ஆனார், அக்டோபரில் நாங்குநேரிக்கு இடைத்தேர்தல் வந்தது. 2021-ல் மாநிலங்களவை உறுப்பினர்களான கே.பி. முனுசாமியும் வைத்திலிங்கமும் சட்டமன்றத்துக்கு ஜெயித்து, டெல்லிப் பதவியை விட்டார்கள்.

மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் தேர்தல் வந்தால்?
அதே மாணவர்

இரண்டு என்ற வரம்பு ஒவ்வொரு சபைக்கும் தனித்தனி. அதிலும் இரண்டு, இதிலும் இரண்டு நிற்கச் சட்டம் விடுகிறது.

வெளியூர்க்காரர் நம் தொகுதியில் நிற்க எப்படி விடுகிறார்கள்? நீலகிரியில் குடியிருக்க வேண்டாமா?
வாசகர், மஞ்சூர்

வேண்டாம். சட்டமன்றத்துக்கு, தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியிலாவது வாக்காளராக இருந்தால் போதும். மக்களவைக்கு நாட்டின் எந்தத் தொகுதியிலாவது. நீலகிரி மக்களவைத் தொகுதி பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டது என்பதால் வேட்பாளர் அந்தப் பிரிவினராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். டெபாசிட்டும் அதனால் பாதி, 12,500 ரூபாய். ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்ற விதி இல்லாததால்தான் இரண்டு ஊரில் நிற்பதும் நடக்கிறது.

ஒருவர் விட்டுப்போன இடத்துக்கு இரண்டாவதாக வந்தவரை எம்.பி. ஆக்கிவிட்டால் செலவு மிச்சம்தானே? இல்லாவிட்டால் செலவை விட்டுப்போனவரே கட்டட்டும். உங்கள் கருத்து என்ன?
வாசகர், பந்தலூர்

முதல் யோசனை வேண்டவே வேண்டாம். வயநாட்டில் 2024-ல் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் நடுவே மூன்றரை லட்சம் ஓட்டுக்கு மேல் இருந்தது. ஊர் வேண்டாம் என்று சொன்னவரை ஊர் தலையில் கட்டுவது ஓட்டுப் போட்டவனை அவமதிப்பது.

இரண்டாவது யோசனையைத் தேர்தல் ஆணையமே 2004-ல் சொல்லியிருக்கிறது. ஒரே தொகுதி என்று சட்டத்தை மாற்றுங்கள்; முடியாவிட்டால் இடைத்தேர்தலுக்குக் காரணமானவரிடம் சட்டமன்றத்துக்கு 5 லட்சம், மக்களவைக்கு 10 லட்சம் வாங்குங்கள் என்றது. 2015-ல் சட்ட ஆணையம் தன் 255-ஆவது அறிக்கையில் ஒரே தொகுதிதான் என்று பரிந்துரைத்தது. 2023 பிப்ரவரியில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, இது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டியது என்று தள்ளுபடி செய்தார்கள்.

பணம் கட்டும் யோசனையை நான் ஏற்கவில்லை. 10 லட்சம் பெரிய கட்சிகளுக்கு ஒரு பொதுக்கூட்டச் செலவு. பணத்தைக் கட்டிவிட்டால் தொகுதியை விடுவது உரிமை மாதிரி ஆகிவிடும். அதோடு, இடைத்தேர்தல் செலவு என்று நாம் கணக்குப் போடுவது அரசாங்கம் செய்யும் செலவை மட்டும். அதற்கு வெளியேயும் செலவு இருக்கிறது. என் பக்கத்து வீட்டுக்காரர் வடுவஞ்சால் பக்கம் குத்தகைக்கு இஞ்சி போட்டிருந்தார். நவம்பர் முதல் வாரம் ஆள் கூலி கொடுக்க 82,000 ரூபாய் எடுத்துக்கொண்டு ஜீப்பில் போனவரை எல்லை தாண்டியதும் பறக்கும் படை நிறுத்தியது. 50,000-க்கு மேல் என்றால் காகிதம் காட்ட வேண்டும். குத்தகை வாய்ப்பேச்சு, காகிதத்துக்கு எங்கே போவார்? "சார், எங்களுக்கு எலெக்ஷன் ஏப்ரல்லயே முடிஞ்சிருச்சு" என்று கெஞ்சியிருக்கிறார். பணம் கைக்குத் திரும்ப ஒன்பது நாள் ஆனது. நானும் அதே விதியின்படி பலரை நிறுத்தியவன்தான். நிறுத்தியவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளும் கூலிக்குக் காத்திருந்த பதினான்கு பெண்களின் பெயர் எந்தச் செலவுக் கணக்கிலும் வராது.

ஒருவர், ஒரு தொகுதி. 33(7)-ல் 'இரண்டு' என்பதை 'ஒன்று' என்று திருத்தினால் போதும். தோற்றுவிடுவோம் என்ற பயம் இருப்பவர் பயத்தோடு நிற்கட்டும். கூடலூரில் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாரே அந்தச் சுயேச்சை, அவர் ஒரு தொகுதியில்தான் நின்றார். இந்தத் திருத்தத்தைக் கேட்டு நம் எம்.பி.க்கும் தேர்தல் ஆணையத்துக்கும் இரண்டு பக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். எல்லையோரத்து வாசகர்கள் கையெழுத்துப் போட விரும்பினால் இதழ் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள், நகல் அனுப்புகிறேன். வாக்காளர் அட்டை எண்ணை மறக்காமல் குறிப்பிடுங்கள்.