வீட்டு விசேஷத்துக்கு ஹீலியம் பலூன்: கேள்வி பதில்

சென்னையில் பலூன் அலங்காரம் செய்கிறேன். வீட்டிலேயே கேஸ் அடிக்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

மகளுக்கு முதல் பிறந்தநாள். ஐம்பது பலூன் மிதக்க எவ்வளவு ஹீலியம் வேண்டும், அண்ணா?

12 அங்குல ரப்பர் பலூன் ஒன்றுக்கு ஏறக்குறைய 15 லிட்டர். ஐம்பதுக்கு 750. சின்ன 10 லிட்டர் சிலிண்டரை 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 1,500 லிட்டர் கேஸ் இருக்கும், தாராளமாகப் போதும். ஆனால் வாடகைக்கு எடுக்கும்போது மீட்டர் முள்ளைப் பார்த்து வாங்குங்கள். முள் 70-இல் நின்றால் ஐம்பது வராது. பலூன் அடிக்கும் நாசிலையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் இருபது மேலே மிதந்தால் போதும். மீதியைக் கைப்பம்பில் ஊதிச் சுவரில் ஒட்டுங்கள்.

தெருவில் ஒருவர் பாதி விலைக்கு அடித்துத் தருகிறார். அதுவும் மிதக்கத்தானே செய்கிறது?

நன்றாகவே மிதக்கும். அது ஹைட்ரஜனாக இருக்கலாம் என்பதுதான் என் பயம். காஸ்டிக் சோடாவில் அலுமினியத் துண்டுகளைப் போட்டு அந்த கேஸைத் தாங்களே தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிலிண்டர் வெடித்து உயிர்கள் போயிருக்கின்றன. கேக் மேல் எரியும் ஒரு மெழுகுவர்த்தி போதும், பலூன் கொத்து முழுக்கத் தீப்பந்தாகிவிடும். பக்கத்தில் நிற்பது குழந்தைகள். ஹீலியம் எரியவே எரியாது.

ஹைட்ரஜன் சிலிண்டருக்குச் சிவப்பு நிறம், வால்வில் இடது மரை, அதாவது இடப்பக்கம் திருகினால் இறுகும். ஹீலியத்துக்கு வலது மரை. பெயின்ட்டை யாரும் மாற்றி அடித்துவிடலாம், அதனால் உரிமம் உள்ள கேஸ் கடையில் பில்லோடு வாங்குங்கள். தீக்குச்சி உரசிச் சோதிக்க வேண்டாம், தயவுசெய்து.

முந்தின ராத்திரியே ஊதி வைத்தேன். காலையில் எல்லாம் தரையில் கிடந்தன.

ரப்பர் வழியாக ஹீலியம் கசிந்துகொண்டே இருக்கும். 12 அங்குல பலூன் அரை நாள், மிஞ்சினால் 18 மணி நேரம் நிற்கும். சின்னது அதற்கும் குறைவு. சாயங்காலம் விழா என்றால் மதியத்துக்கு மேல் ஊதுங்கள்.

16 அங்குல '1' ஃபாயில் பலூன் எழும்பவே இல்லை, ஏன்?

அந்த அளவு எண் பலூன் காற்றடித்து மாட்டுவதற்குத்தான். அதன் எடையைத் தூக்கும் அளவு கேஸ் அதில் கொள்ளாது. மிதக்க வேண்டுமானால் 32 அல்லது 40 அங்குலம் வாங்குங்கள். ஊதும்போது ஓரத் தையலைப் பாருங்கள். அங்கே சுருக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். ஏசி அறையில் விறைப்பாக ஊதியதை வெயிலில் கொண்டுபோனால் கேஸ் விரிந்து தையல் பிரிந்துவிடும்.

ஹீலியம் ஏன் இவ்வளவு விலை?

இயற்கை எரிவாயுக் கிணறுகளிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். நமக்கு வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. 1868 கிரகணத்தின்போது சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்ததில், ஹீலியத்தைக் காட்டிக்கொடுத்த மஞ்சள் நிறக் கோடு தெரிந்த இடங்களில் நம் பக்கத்துக் குண்டூரும் ஒன்று என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

பையன் உறிஞ்சிக் குரல் மாற்றிக் காட்டச் சொல்கிறான்...

கூடவே கூடாது. நுரையீரலில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை ஹீலியம் பிடித்துக்கொள்ளும். சட்டென்று மயக்கம் வரும். சிலிண்டரில் நேராக வாய் வைத்தால் அழுத்தத்தில் நுரையீரலே கிழியும். பலூன் அடித்து முடித்ததும் வால்வை மூடி, சிலிண்டரை நிமிர்த்திச் சுவரோரம் கட்டி வையுங்கள். வெடித்த ரப்பர் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், தவழும் குழந்தை முதலில் வாயில் போடுவது அதைத்தான்.