கேள்வி–பதில்: பிஸ்டன், ஸ்பிரிங், கேம்… எது முதலில்?

கேள்வி: எஞ்சின் பவரைக் கூட்ட, ஹை கம்ப்ரஷன் பிஸ்டன் செட் வாங்கி வைத்திருக்கிறேன். இதற்கு எந்த கேம், எந்த வால்வு ஸ்பிரிங் பொருந்தும்?

பதில்: செட்டை இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். கேமை (வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு) முடிவு செய்த பிறகு வாங்கியிருக்க வேண்டிய பொருள் அது. வண்டி எந்த ஆர்பிஎம்மில் அதிக நேரம் ஓடப்போகிறது என்பதை வைத்துத்தான் கேமைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ட்யூரேஷன் (வால்வு திறந்திருக்கும் காலம்) நீளமான கேமில் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். குறைந்த வேகத்தில், மேலே வரும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கை இன்டேக் பக்கமே திருப்பித் தள்ளிவிடும். இழுவை குறையும், ஐடிலிங் தள்ளாடும், வேக்குவம் இறங்குவதால் பிரேக் பூஸ்டரும் பலமிழக்கும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் கம்ப்ரஷனை ஏற்றுகிறோம். ட்யூரேஷன் குறைந்த கேமோடு அதே பிஸ்டனைப் போட்டால் நாக்கிங்தான் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) மிஞ்சும்.

இரண்டு கேம்களை ஒப்பிடும்போது, 0.050 அங்குல லிஃப்டில் (கேம் தூக்கும் உயரத்தில்) அளந்த ட்யூரேஷனை மட்டும் பாருங்கள். விளம்பர ட்யூரேஷனை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு லிஃப்டில் அளப்பார்கள்.

ஸ்பிரிங்குக்கு கேமோடு வரும் அட்டையில் உள்ள சீட் பிரஷரையே (வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் தரும் அழுத்தம்) பின்பற்றுங்கள். பலம் குறைந்தால், உயர் ஆர்பிஎம்மில் வால்வு கேமைப் பின்தொடராமல் மிதந்து பிஸ்டனில் மோதும். தேவைக்கு மேல் பலமானால் கேம் லோபும் (கேமின் மேடு), அது தள்ளும் டேப்பட்டும் தேயும். ஸ்பிரிங் முழுதாக நெருங்கிவிடாமல் இருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள். பொருத்திய உயரம் 40 மி.மீ., லிஃப்ட் 11.5, சுருள்கள் ஒட்டும் உயரம் 26 என்றால் மிச்சம் 2.5 மி.மீ. சுமார் 1.5 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும். இதே ஸ்பிரிங்கில் பலம் கூட்ட 1.5 மி.மீ. ஷிம் (வளையத் தகடு) அடியில் வைத்தால் மிச்சம் 1 மி.மீ.தான்; அது போதாது. ரீடெய்னர் (ஸ்பிரிங்கை வால்வோடு பிடிக்கும் மூடி) வால்வு சீலில் இடிக்கிறதா என்பதையும் முழு லிஃப்டில் பாருங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இது.

கேள்வி: புது கேமில் வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு, களிமண் சோதனை. பிஸ்டன் தலையில் வால்வு பள்ளங்களின் மேல் மாடலிங் களிமண்ணை வைத்து, ஒட்டாமலிருக்க லேசாக எண்ணெய் தடவுங்கள். போடப்போகும் அதே தடிமன் கேஸ்கட்டோடு ஹெட்டை மாட்டி, டைமிங் சரிபார்த்து, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் பலம் காட்டாமல் நிறுத்திவிடுங்கள். ஹைட்ராலிக் டேப்பட் இருந்தால் சோதனைக்கு மட்டும் சாலிட் டேப்பட் போடுங்கள். ஹைட்ராலிக் டேப்பட் அமுங்கிப் பொய்க் கணக்குக் காட்டும். பிறகு களிமண்ணைக் குறுக்கே வெட்டி, மெல்லிய இடத்தை அளந்து பாருங்கள். இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. பொதுவாகப் பாதுகாப்பானது. எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடேறி நீள்வதால் அதற்கு இடைவெளி கூடுதல். ஹெட்டை 0.5 மி.மீ. சீவியிருந்தால் இந்த இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவு குறைந்திருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: ஃபோர்ஜ்டு (அழுத்தி உருவாக்கிய) பிஸ்டனில் 4032, 2618 என்று இரண்டு அலுமினியக் கலவைகள் சொல்கிறார்களே, எது நல்லது?

பதில்: தினசரி ஓட்டும், டர்போ இல்லாத எஞ்சினுக்கு 4032. அதில் சிலிக்கான் சுமார் 12 சதவீதம். சூட்டில் குறைவாக விரிவதால் போரில் (சிலிண்டர் துளையில்) நெருக்கமாகப் பொருத்தலாம், சத்தமும் இருக்காது. 2618இல் சிலிக்கான் மிகக் குறைவு. அதிகம் விரியும் என்பதால் இடைவெளி கூட்டியே விட வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் தட்டும் சத்தம் கேட்கும். ஆனால் அடி தாங்கும், சட்டென்று உடையாது. அதிக பூஸ்ட் டர்போவுக்கு இதுதான். எதுவானாலும், பிஸ்டனைக் கையில் வைத்து அளந்த பிறகே சிலிண்டர் போரின் அளவை இறுதியாக்குங்கள்.

கேள்வி: ரிங் கேப் (பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி) எவ்வளவு?

பதில்: மேல் ரிங்குக்கு, டர்போ இல்லையென்றால் போர் விட்டத்தை 0.004ஆல் பெருக்குங்கள், 86 மி.மீ. போருக்கு 0.34 மி.மீ. டர்போ என்றால் 0.006; 0.52 மி.மீ. ரிங் தயாரிப்பாளர் வேறு அளவு தந்திருந்தால் அதையே எடுங்கள். கேப் சற்றுக் கூடினால் இழப்பு சிறிது. குறைந்தால் சூட்டில் ரிங் முனைகள் முட்டி, பிஸ்டனின் ரிங் லேண்டே (ரிங் பள்ளங்களுக்கு இடையே உள்ள வரப்பு) உடையும்.